ரெண்டாம் சூடு

எங்க அக்காவைக் கண்ணாடி உலையில எல்லாரும் 'செம்பு'ன்னுதான் கூப்பிடுவாங்க. செம்பைச் சுட்டுப் பொடியாக்கி, மணலும் மரச்சாம்பலும் உருகுற கொப்பரையில கலக்குறது அவ வேலை. நெருப்புக்குக் காத்து நல்லாப் போனா அந்தக் கண்ணாடி பச்சையா வரும். காத்தை அடைச்சுப் புகையில வேகவச்சா சிவப்பு வரும்னு அவ சொல்லுவா. எங்க உலையில யாரும் சிவப்பைக் கண்ணால பார்த்ததில்ல.

உலைக்காரன் இருக்கானே, அவன் நாசமாப் போக! தொழில் ரகசியம் வெளிய போயிடுமாம், எங்களை உள்ளயே போட்டுப் பூட்டியிருந்தான். சுவரேறிக் குதிச்ச, கண்ணாடி ஊதுறவர் ஒருத்தரோட காலை எங்க முன்னாடியே உடைச்சான். அக்காகிட்ட மட்டும், "சிவப்பு எடுத்துக் குடு, அக்காளும் தங்கச்சியும் கிளம்பிப் போங்க"ன்னான். நான் நம்பல. அவ நம்பினா.

ஈர விறகு போட்டுப் புகை மூட்டினோம். கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுச்சு. ஊதி எடுத்த கிண்ணம் கம்பி நுனியில தண்ணி நிறத்துல வெளுத்துப்போய் நின்னுச்சு. உலைக்காரன் வந்து பார்த்தான்.

"என்னடி இது? என்னைக் கேனயன்னு நினைச்சியா?"

"இன்னும் ரெண்டாம் சூடு காட்டலங்க ஐயா. திரும்ப நெருப்புல பிடிச்சாத்தான்..."

சாக்கு சொல்றாளாம்! அவ வலக்கையை மேடையில அழுத்தி, கண்ணாடி ஊதுற இரும்புக்குழலால அடிச்சான். எலும்பு நொறுங்குன சத்தம் எனக்கே கேட்டுச்சு. பாய்ஞ்சு அவன் தோளைக் கடிச்சேன். என்னைச் சுவத்துல மோதவிட்டான், என் பல்லு ஒண்ணு போச்சு. போகட்டும், அதுல அவன் சதை கொஞ்சம் இருந்துச்சு.

அக்கா அழல. இடக்கையால கம்பியைத் தூக்கி உலை வாய்க்குள்ள நீட்டினா. கிண்ணம் விளிம்புலேர்ந்து சிவந்துச்சு. சூட்டுச் சிவப்புன்னு நினைச்சேன். வெளிய எடுத்து ஆறவிட்டும் போகவே இல்ல.

அவன் வாயெல்லாம் பல்லு. "அடியேய்! இவ்வளவு பெரிய வித்தைக்காரியை இனி எப்படி வெளிய விடுறது?"

அக்கா அவனையே பார்த்தா. அப்புறம் இன்னும் உள்சூடு அடங்காத கிண்ணத்தைத் தண்ணித் தொட்டியில முக்கினா. படார்னு வெடிச்சுது. ஒரு சில்லு அவன் கன்னத்தைக் கிழிச்சுது. நொறுங்குன கையை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"இனி எந்தக் கையால எடுக்கட்டும், சொல்லுடா."

அதுவரைக்கும் அவனை ஐயான்னுதான் கூப்பிட்டிருந்தா.

அதுக்கப்புறமும் அடிச்சான். அவ சாகுற வரைக்கும் செம்புப் பொடியோட அளவைச் சொல்லல. இப்ப கொப்பரை என் கையில இருக்கு. "அக்கா என்ன போட்டா?"ன்னு என்னையும் அடிச்சுக் கேக்குறான். எனக்குத் தெரியும். பச்சையா எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன்.