நாலு வரிப் புதினம்

பத்திரிகையிலை வேலை செய்தவன் எண்டு சொன்னால் இப்பவும் சில பேர் எழும்பிக் கதிரை தருகினம். எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் என்னத்தைக் கிழிச்சனான் எண்டு எனக்கல்லோ தெரியும். பதினொரு வரியம் அந்தக் கந்தோரிலை குந்தியிருந்து எழுதினதுக்கை, சனம் மறக்காமல் வைச்சிருந்தது நாலே நாலு வரி. அந்த நாலு வரியும் பொய்.

எங்கடை பத்திரிகை கிழமைக்கு ரெண்டு தரம் வரும். யாழ்ப்பாணப் பட்டினத்திலை ஒரு ஓட்டு வீடு. முன் அறையிலை ஆசிரியர் ஐயாவும் நானும், பின்னுக்கு அச்சு மெசினும் எழுத்துப் பெட்டிகளும். ஓடித்திரிஞ்சு செய்தி, புதினம் எடுக்கிறம் எண்டு வெளியிலை பெரிய கதை. உண்மை என்னெண்டால், கொழும்புப் பேப்பர் ரெயிலிலை வரும். அதை வெட்டித் தமிழாக்கிப் போடுவம். பின்னேரத்திலை நான் சைக்கிளிலை உடுவிலுக்குப் போவன். அங்கை மலாயாவிலை வேலை செய்து பென்சன் எடுத்து வந்த ஒருத்தரின்ரை வீட்டிலை, பற்றரியிலை வேலை செய்யிற ரேடியோப் பெட்டி ஒண்டு இருந்தது. கொழும்பிலையிருந்து தமிழிலை வாசிக்கிற செய்தியைப் பென்சிலாலை எழுதிக்கொண்டு வந்து எங்கடை பேப்பரிலை போடுவன். கொழும்பிலை ஆறின சோத்தை இஞ்சை சூடாக்கிப் பரிமாறுறதுதான் எங்கடை உத்தியோகம். அதுக்கு ஒரு கோட்டும் பேனையும் வேறை.

வீடு மருதனார்மடத்திலை. நானும் அக்காவும்தான். அத்தான் மலாயாவிலை ரெயில்வே கிளாக்கர். அக்காவும் அங்கைதான் அவரோடை இருந்தவ. அம்மாவுக்குக் கடும் வருத்தம் எண்டு தந்தி போய், பாக்க வந்தவ. அம்மா கண்ணை மூடினா. காரியமெல்லாம் முடிச்சுத் திரும்பிப் போவம் எண்டு இருக்கேக்கை சண்டை வந்து கப்பல் நிண்டுபோச்சு. பிறகு சிங்கப்பூர் யப்பான்காரனிட்டை விழுந்தது. அதோடை காயிதமும் இல்லை, காசும் இல்லை, ஒரு சிலமனும் இல்லை. ஆள் உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ எண்டு கேக்கிறதுக்கு ஒரு இடம் கூட இல்லை.

எங்கடை வீட்டிலை மட்டுமில்லை. அந்தக் காலத்திலை வலிகாமத்திலை எந்தப் படலையைத் திறந்தாலும் மலாயாவிலை ஒராள் இருப்பார். பொம்பிளையள் கந்தோருக்கு நடந்து வருவினம். “தம்பி, மலாயாப் புதினம் ஏதும் வந்ததோ?” அச்சடிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் எண்டு அந்தப் பாவங்களின்ரை எண்ணம். எங்களுக்கு ஒரு கோதாரியும் தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? “இன்னும் வரேல்லை அம்மா, வந்தால் போடுவம்” எண்டு சொல்லிச் சொல்லியே எனக்கு நாக்குத் தேஞ்சுபோச்சு.

அக்கா ஒண்டும் கேக்கிறேல்லை. நான் சைக்கிளைச் சுவரிலை சாத்தேக்கை என்ரை முகத்தை ஒருக்காப் பாப்பா. பிறகு தேத்தண்ணி வைக்கப் போயிடுவா. ஆனால் கெட்டிக்காரி. மூண்டு மாதம் அப்பிடியே இருந்து பாத்துப்போட்டு, ஒரு நாள் சொன்னா: “தம்பி, அவர் வந்தால் சந்தோசம். வராட்டில் நான் என்ன உன்ரை தலையிலையே கிடக்கிறதோ? என்ரை வழியை நான் பாக்கவேணும்.” அவ சின்னனிலை உடுவிலிலை படிச்சவ. அங்கை அவவைப் படிப்பிச்ச ஒரு ரீச்சர், ஆசிரியப் பயிற்சிக்கு இடம் எடுத்துத் தாறன், ரெண்டு வரியம் தங்கிப் படிச்சால் பிறகு வேலை நிச்சயம் எண்டு சொல்லியிருந்தா. ஆவணியிலை போறதெண்டு முடிவாச்சு. அக்கா றங்குப் பெட்டியை வெளியிலை எடுத்துத் துடைச்சு, பயிற்சிக்குக் கட்ட நாலு வெள்ளைச் சீலையும் வாங்கி அடுக்கி வைச்சா. எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தது எண்டு சொல்லேலாது. ஒராள் எங்கடை வீட்டிலை எழும்பி நிக்குது எண்ட ஆறுதல்.

அந்த ஆறுதலிலை மண்ணைப் போட்டது நான்தான்.

சண்டைக் காலத்திலை அச்சடிக்க முந்தி எல்லாத்தையும் அரசாங்கக் கச்சேரியிலை ஒரு உத்தியோகத்தருக்குக் காட்டவேணும். அவர் சிவப்புப் பென்சிலாலை வெட்டுவார். வெட்டினது பறவாயில்லை, வெட்டின இடம் வெறுமையாய்த் தெரியக்கூடாது எண்டும் ஒரு கட்டளை. வெறுமை கிடந்தால், என்னத்தையோ மறைச்சுப் போட்டாங்கள் எண்டு சனம் யோசிக்குமாம். அதாலை வெட்டின ஓட்டையை நாங்களே அடைக்கவேணும். இதுக்கெண்டே நான் சின்னச் சின்னத் துண்டுகள் எழுதி வைச்சிருப்பன். பாவக்காயின்ரை நன்மை, கோயில் கொடியேத்தம், புகையிலைக்குத் தண்ணி இறைக்கிற விதம். ஓட்டை எத்தினை வரியோ அத்தினை வரித் துண்டு.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கரையிலை ஒதுங்கின ஒரு படகைப் பற்றி எழுதியிருந்ததை உத்தியோகத்தர் வெட்டிப்போட்டார். அச்சுக் கோக்கிற அண்ணை கை முழுக்க மையோடை வந்து வாசலிலை நிண்டார்.

“தம்பி, ரெண்டாம் பத்தியின்ரை அடியிலை நாலு வரி குறையுது. கெதியாத் தாரும், மெசின் காத்துக்கொண்டு நிக்குது.”

மேசை லாச்சியைத் திறந்து பாத்தன். துண்டெல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்த நேரம் பாத்து விறாந்தையிலை ஒரு மனிசி. கீரிமலையிலையிருந்து அந்த வெய்யிலுக்கை நடந்து வந்து, மகனின்ரை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு அழுதுகொண்டிருந்தா. எனக்கு அந்தரமாயிருந்தது. அண்ணையும் “தாரும், தாரும்” எண்டு நிக்கிறார். பேனையை எடுத்தன். எழுதினன்.

“மலாயாவிலிருக்கும் யாழ்ப்பாணத்தவரிற் பெரும்பாலோர் சுகமாயிருக்கின்றனரென்றும், ரெயில்வே முதலிய பகுதிகளில் முன்போலவே உத்தியோகம் பார்த்து வருகின்றனரென்றும் நம்பத்தகுந்த இடத்திலிருந்து அறியப்படுகிறது.”

அச்சொட்டாய் நாலு வரி. ஆர் அறிஞ்சது? ஒருத்தரும் இல்லை. எந்த நம்பத்தகுந்த இடம்? என்ரை மேசை. பேப்பர்காரனுக்கு இது கை வந்த வித்தை. ஆரெண்டு சொல்ல ஆளில்லாட்டில் “அறியப்படுகிறது” எண்டு போட்டுவிட்டால் காணும். அதுக்குள்ளை ரெயில்வே எண்ட சொல்லை ஏன் போட்டனான்? பொய் சொல்லுறவன் தன்ரை வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பான் எல்லே. அக்காவுக்காகத்தான் போட்டனான். ஒரு நாள் ஆறுதல், அவ்வளவுதான் நான் நினைச்சது.

அடுத்த நாள் பேப்பரை வீட்டை கொண்டுபோய் மேசையிலை வைச்சுப்போட்டுக் கிணத்தடிக்குப் போனன். திரும்பி வரேக்கை அக்கா அந்தப் பக்கத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு அசையாமல் இருந்தா. பின்னேரம் றங்குப் பெட்டி பழையபடி கட்டிலுக்குக் கீழை போயிட்டுது. “அவர் வேலையிலைதான் இருக்கிறாராம், பிறகேன் நான் போய்ப் படிக்கிறது? வந்து பாத்தால் வீட்டிலை ஒருத்தரும் இல்லாமல் எல்லே இருக்கும்” எண்டு சொன்னா. ரீச்சருக்கு வரேல்லை எண்டு காயிதமும் எழுதிப்போட்டா. வாய் எண்டு ஒண்டு எனக்கு இருந்ததுதானே! அண்டைக்கே திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். பேயன்.

நாளைக்கு எண்டது என்ன ஆச்சு எண்டு கேளுங்கோ. நாலைஞ்சு நாளிலை கொழும்புப் பேப்பர் ஒண்டிலை, “யாழ்ப்பாணத்திலிருந்து கிடைத்த செய்தி” எண்டு என்ரை நாலு வரியும் வந்திட்டுது. அண்டைக்குப் பின்னேரம் உடுவிலுக்குப் போறன். பென்சன்காரரின்ரை விறாந்தை நிறைய மலாயாப் புதினம் கேக்க வந்த பொம்பிளையள், அக்காவும் அதுக்கை. நான் வழமைபோலை பென்சிலைச் சீவிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலை இருந்தன். கொழும்பிலையிருந்து ஒராள் செய்தி வாசிக்கிறார். என்ன வடிவான குரல்! நான் மையிலை தோய்ச்சு எழுதின பொய், அந்தக் குரலிலை கோயில் மணி மாதிரி வருகுது. பொம்பிளையள் கையெடுத்துக் கும்பிட்டினம். ஒரு மனிசி விம்மி விம்மி அழுதா. பென்சன்காரர் என்ரை முதுகிலை தட்டி, “கேட்டீரோ! கொழும்பே சொல்லிப்போட்டுது!” எண்டார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தனான் தெரியுமோ? எழுதி எடுத்துக்கொண்டிருந்தனான். என்ரை பொய்யை என்ரை கையாலையே, சொல்லு விடாமல். வெக்கக்கேடு என்னெண்டால், ஒரு கணம் நானும் நம்பிப்போட்டன். ஒருவேளை கொழும்புக்காரருக்கு வேறை இடத்தாலையும் தெரிய வந்திருக்கும், நான் கண்ணை மூடிக்கொண்டு எறிஞ்சது சரியாய்ப் போயிருக்கும் எண்டு ஒரு நினைப்பு. அக்காவைத் திரும்பிப் பாத்தன். அவ ரேடியோப் பெட்டியையே பாத்துக்கொண்டிருந்தா.

அடுத்த நாள் ஆசிரியர் ஐயா சந்தோசமாய் வந்தார். “தம்பி, நீர் போட்டதைக் கொழும்பும் உறுதிப்படுத்திப்போட்டுது. முன்பக்கத்திலை பெரிசாய்ப் போடும்.”

“ஐயா, அது வந்து... ஓட்டை அடைக்க நானே எழுதினது.”

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். “எனக்கு நீர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை. வெளியிலை நிக்கிற சனத்தைப் பாரும். அதுகளிட்டைப் போய்ச் சொல்லுவீரோ?” நான் வெளியிலை பாத்தன். பிறகு உள்ளுக்குப் போய் முன்பக்கத்துக்கு எழுதிக் குடுத்தன். இந்த முறை “அறியப்படுகிறது” இல்லை, “உறுதியாகத் தெரியவருகிறது”.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சொல்லுவம் சொல்லுவம் எண்டு இருந்தன். பயிற்சிக்கு அக்காவின்ரை இடத்துக்கு வேறை ஒரு பெட்டை போய், படிச்சு முடிச்சு, வேலையும் எடுத்திட்டாள். ஒருக்கா நான் துணிஞ்சு, “அக்கா, அந்த மலாயாப் புதினம் இருக்கெல்லே...” எண்டு தொடங்கினன். “அடுப்பிலை ஏதோ எரியுது” எண்டுபோட்டுக் குசினிக்கை போயிட்டா. நானும் விட்டன். வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குப் போறதும், குங்குமம் வைக்கிறதும், சுவரிலை தொங்கின அத்தானின்ரை படத்துக்குத் தூசு தட்டுறதுமாய் மூண்டரை வரியம் போச்சு. தலையிலை நரை விழத் தொடங்கிட்டுது அவவுக்கு.

சண்டை முடிஞ்சு கப்பல் ஓடத் தொடங்கின பிறகு, ஒரு காலமை படலையடியிலை ஒராள் வந்து நிண்டார். உடம்பு கரைஞ்சு, கோட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தானோடை ஒரே ஸ்டேசனிலை வேலை செய்தவர். தென்மராட்சியிலை தன்ரை வீட்டுக்குப் போறதுக்கு முந்தி இஞ்சை வந்திருந்தார். அக்கா தண்ணி குடுத்தா. அவர் வாங்கி வைச்சுக்கொண்டு, குடிக்காமல் நிலத்தைப் பாத்தார்.

“உங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையோ, தங்கச்சி? சிங்கப்பூர் விழ முந்தியே குண்டு போட்டாங்கள். ஸ்டேசனிலைதான். நாங்கள்தான் தூக்கிக் கொண்டுபோய் அடக்கம் செய்தனாங்கள்.”

நான் அந்த நாலு வரியை எழுதேக்கை, அத்தான் மண்ணுக்குள்ளை போய் அஞ்சு மாதம். எந்த நாள், எந்தத் திதி எண்டு அந்த மனிசனாலை திருத்தமாய்ச் சொல்லேலாமல் போச்சு. குண்டு விழுற நேரத்திலை ஆர் பஞ்சாங்கம் பாத்தது? உடலுக்குப் பதிலாய்த் தருப்பையிலை உருவம் செய்து எரிச்சம். அத்தானின்ரை பக்கத்திலை ஆம்பிளை ஒருத்தரும் இல்லாதபடியாலை நான்தான் நெருப்பு வைச்சது. முப்பத்தொராம் நாள் கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியை. அத்தான் செத்த திதியை ஐயர் கேட்டார். அக்காதான் “தெரியாது ஐயா” எண்டா.

திரும்பி மாட்டு வண்டியிலை வரேக்கை நல்ல வெய்யில். அக்கா வெள்ளைச் சீலையிலை, நெத்தியிலை திருநீறு மட்டும். இனியும் சொல்லாட்டில் நான் மனிசனில்லை எண்டு பட்டுது.

“அக்கா, அந்த மலாயாப் புதினம் ஒருத்தரும் சொன்னதில்லை. நாலு வரி குறைஞ்சது. நான் இட்டுக்கட்டினனான்.”

“தெரியும்” எண்டா.

“எப்ப தெரியும்?”

“அண்டைக்கே. நீ பேப்பரை என்ரை கையிலை தராமல் மேசையிலை வைச்சுப்போட்டுக் கிணத்தடிக்கு ஓடினனி எல்லே.”

“ஐயோ அக்கா! தெரிஞ்சுகொண்டுதானோ படிக்கப் போகாமல் நிண்டனீங்கள்? ஏன் என்னைக் கேக்கேல்லை?”

அவ ரோட்டைப் பாத்துக்கொண்டு வந்தா. கோபம் ஒண்டும் இல்லை. கோபிச்சிருந்தால் நான் தப்பியிருப்பன்.

“கேட்டிருந்தால் நீ உண்மையைச் சொல்லியிருப்பாய்” எண்டா. “ஒவ்வொரு பின்னேரமும் நீ படலையைத் திறக்கேக்கை, இண்டைக்குச் சொல்லிப்போடுவானோ, இண்டைக்குச் சொல்லிப்போடுவானோ எண்டு பயந்து பயந்துதான், தம்பி, நான் இருந்தனான்.”