ஒழுகிய குழாயும் ஓர் ஆலமரமும்

என் ஆலமரம் ஒரு முழ உயரம்கூட இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் சன்ஷேடு இடுக்கில் முளைத்திருந்த கன்று அது. வெள்ளையடிக்க வந்தவர்கள் பிடுங்கி எறிவதற்குள் பாய்ந்து காப்பாற்றினேன். தட்டைத் தொட்டியில் வைத்து, கம்பி சுற்றி, கிளை வெட்டி, வேர் வெட்டி போன்சாய் ஆக்கினேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவள் இத்தனை தடவை முடி வெட்டியதில்லை என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் டவுன்ஷிப்பில் நடந்த மலர்க் கண்காட்சியில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். நடுவராக வந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மரம் அழகா இருக்கும்மா. ஆனா எங்க நிக்குதுன்னே தெரியலையே. பக்கத்துல ஒரு துணைச்செடி வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்தேன். போன்சாய்க்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு தட்டில் புல்லோ பாசியோ ஏதாவது சின்னச் செடியோ வைப்பார்களாம். அது மரத்தைவிட அழகாக இருந்துவிடக் கூடாதாம். ஆனால் மரம் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று அதுதான் சொல்ல வேண்டுமாம். படிக்கப் படிக்க உடம்பெல்லாம் பரபரத்தது. அடுத்த வருஷம் அந்த அம்மா என் மரத்தின் ஊரைக் கண்டுபிடிக்காமல் நகரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் கார்த்திகைக்கு வாங்கிய அகலில் டேபிள் ரோஸ் நட்டேன். பூ பூத்ததும் ஆலமரம் காணாமலே போய்விட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, மாப்பிள்ளைய வுட்டுட்டு பேண்டு வாசிக்கறவனுக்கு மாலை போட்டாப்புல இருக்குது!" என்றாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது நிஜம். அடுத்து வைத்த கோரைப்புல் ஒரே வாரத்தில் மரத்தின் உயரத்துக்கு வந்து நின்றது.

சமையலறைக்குப் பின்னால் ஒரு குழாய் வளைவு பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கம்ப்ளெயின்ட் கொடுங்கள் என்று வீட்டுக்காரரைத் தினமும் நச்சரிப்பேன். ஒருநாள் அதற்காகவே கோபத்தோடு பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஈரச் சுவர் முழுக்க வெல்வெட் மாதிரி பாசி. அதன் நடுவே விரல் நீளப் பெரணி, நாலைந்து புளியாரை, கடுகளவு இலைகளோடு பெயர் தெரியாத ஒரு கொடி. என் மரத்துக்கு வேண்டியது எல்லாம் என் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது!

அன்றோடு நச்சரிப்பை நிறுத்தினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. முடிவதற்குள் சொன்னால் வீட்டுக்காரர் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார். குறிஞ்சிப்பாடிப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு பஸ் பிடித்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடுவேன். கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை கத்தியால் அலுங்காமல் பெயர்த்து எடுப்பதாகத் திட்டம்.

அந்த மாலை வந்தது. வாசலிலேயே வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார். "பின்னாடி போயி பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். புதுக் குழாய். புது சிமெண்ட். சுவரில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

"ஐயோ! யாரு இதைச் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு மாசமா குழாயப் பத்தி நீ வாயே தொறக்கல. கோச்சிக்கினு இருக்கியோன்னு பயந்துட்டேன். அதான் ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா போயி எழுதிக் குடுத்து, கையோட பிளம்பரக் கூட்டிக்கினு வந்தேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த பிளம்பரிடம் பாசி எங்கே என்றேன். "சுரண்டி எடுத்துட்டேன் மேடம், சுத்தமா" என்றார் பெருமையோடு. குப்பை மூலையில் சிமெண்டோடு குழைந்து கிடந்தது. அப்போதுதான் அவர் சாக்குப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய வளைவைப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பில் பாசி சட்டைபோல் ஒட்டியிருந்தது. குழாய் முழங்கைபோல் மடங்கிய இடத்தில் ஒரு பெரணி, உடையாமல், நிமிர்ந்து!

"அண்ணே, அதைக் குடுத்துட்டுப் போங்க!"

"துருப்புடிச்சது மேடம், எதுக்கும் ஒதவாது."

சட்டென்று பிடுங்கிக்கொண்டேன். வளைவின் வாயில் மண்ணை அடைத்தேன். வீட்டுக்காரர் விஷயம் புரிந்ததும் லுங்கியை மடித்துக்கட்டி உட்கார்ந்து, சிமெண்டிலிருந்து பாசித் துணுக்குகளையும் பிழைத்திருந்த புளியாரையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவித் தந்தார். உடைந்த ஓட்டுத் துண்டின்மேல் அந்தக் குழாயை நிறுத்தி, ஆலமரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். இருவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம்.

மறுநாள் கண்காட்சியில் என் மேசையைச் சுற்றிக் கூட்டம். "எங்க வூட்டுப் பின்பக்கம் இதே மாதிரிதான்" என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். அதே நடுவர் அம்மா வந்தார். குழாயைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"குவார்ட்டர்ஸ் மரமா?" என்றார்.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முதல் பரிசு யாருடைய புளியமரத்துக்கோ போனது. போகட்டும்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து திரும்பியபோது பின்பக்கம் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. ஓடினேன். புதுச் சுவரில் ஆணி அடித்து, மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் வீட்டுக்காரர். "அடுத்த வருஷத்துக்குப் பாசி வேணுமில்ல?"

"பூசி நாலு நாள் ஆகல, அதுக்குள்ள ஆணியா? விரிசல் விட்டுடுச்சு பாருங்க! இதுக்கும் கம்ப்ளெயின்ட் குடுங்க, இன்னிக்கே குடுங்க!"

அவர் முகம் மலர்ந்தது.

"அப்பாடா," என்றார், "இப்பதான் வூடு வூடா இருக்குது."