இரண்டாங்குரல்

சனி, ஞாயிறு மாலைகளில் கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் பியானோ வாசிக்கிறேன். எல்லாம் சினிமாப் பாட்டு. அதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை. தெரிந்த மெட்டு தொடங்கியதும் காபியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் முகங்களுக்காகவே மலையாளப் பக்கமுள்ள எங்கள் ஊரிலிருந்து வாளையார் எல்லைச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகலாம். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். புதன்கிழமை மாலை மட்டும் வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தின் மாடியில், அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டத்தின் சேர்ந்திசைக் குழுவை நடத்துகிறேன். கையை ஆட்டுவது நான். எப்போது தொடங்குவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

பஞ்சாயத்தின் ஆண்டு விழாவான வார்ஷிகத்தில் பாட ஒரு நடவுப் பாட்டை இரண்டு குரலாகப் பிரித்தேன். முன்வரிசை மெட்டைப் பாடும். பின்வரிசை அதற்குக் கீழே வேறொரு ஓட்டத்தில் போகும். வம்பு அங்கேதான் தொடங்கியது. பிறந்ததிலிருந்து எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடிப் பழகியவர்கள். கொஞ்சம் அசந்தால் பின்வரிசை நைசாக முன்வரிசை மெட்டுக்குத் தாவிவிடும். தாவாமல் நின்றவர் ஒருவர்தான்: தென்னந்தோப்பும் மாடுகளுமாக இருக்கும் வீட்டு அக்கா. அவர் நின்றால் மற்றவர்களும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

வார்ஷிகத்துக்கு முந்தைய வாரம் அந்த அக்கா முகம் வாடி வந்தார்.

"ஏனுங் சார், என்னைய முன்னால மாத்திவுடுங்க. இல்லீன்னா நான் வரலீங்க."

பால் கறக்கும்போது தன் பகுதியைப் பாடிப் பார்த்திருக்கிறார். அதைக் கேட்ட வீட்டுக்காரர், இதில் மெட்டே இல்லையே, பாட்டு வராதவர்களைத்தான் பின்னால் நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டார். மேடையில் ஊரே சிரிக்கும் என்று அக்காவுக்குப் பயம்.

எனக்குக் கோபம் வந்தது. கீழே வண்டியோடு நின்ற வீட்டுக்காரரிடம் போய் விளக்கினேன். பியானோவில் வலது கை மெட்டை வாசிக்கும், இடது கை அதைத் தாங்கும், இடது கை நின்றுவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"செரிங்க சார். சனங்க கைதட்டுறது எந்தக் கைக்குங்க?"

இத்தனை வருடத்தில் என் இடது கையைப் பாராட்டி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்காவை முன்வரிசைக்கு மாற்றினேன். இரண்டு குரல் ஆசையை மனசுக்குள் கைகழுவிவிட்டேன். அவர் குழுவை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. மனைவி மெட்டைப் பாடுவதைக் கேட்க வீட்டுக்காரரும் மாடியேறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கையை உயர்த்தினேன். முதல் வரியை அக்கா முன்வரிசையோடு கணீரென்று பாடினார். அடுத்த வரியில் பின்வரிசை வழக்கம்போல மெட்டுக்குத் தாவியது. பாட்டு சப்பென்று ஆனது. அதற்கடுத்த வரியில், யாரும் சொல்லாமலே, அக்கா தன் பழைய குரலுக்கு இறங்கினார். கண்ணை மூடியிருந்தார்; இறங்கியது அவருக்கே தெரியவில்லை. பின்வரிசையில் ஒவ்வொருவராக அவரைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தார்கள். இரண்டு குரலும் ஒன்றையொன்று விடாமல் கடைசிவரை போயின. கையை ஆட்டிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

பாட்டு முடிந்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து பின்வரிசைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்கதான புள்ள உன்ற எடம்? போய் நில்லு."