இடப்பக்கம் திருப்பிய குமிழ்

ஊர் கேட்கும் சத்தத்தைச் செய்து கொடுக்கும் தொழிலில், சத்தத்தைவிட ஊர்தான் அதிகம் சத்தம் போடும். நான் கித்துல்கல பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துக் கிளாக்கரின் மனைவி. கான்வென்ட்டில் சிஸ்டர்மார் விரலில் அடித்துச் சொல்லித்தந்த பியானோ இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு கீபோர்ட், ஒரு லெப்டொப், சத்தத்தின் குணத்தை மாற்ற ஒற்றைக் குமிழ் வைத்த சின்னப் பெட்டி ஒன்று, இவ்வளவுதான் என் பட்டறை. நாடகம், கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் சத்தம் போகிறது. நீங்களும் ஏதாவது ஒரு தொழிலில் வாடிக்கையாளரிடம் மாட்டியவர் என்றால் வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

அடுப்புக் கை

குமிழை வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். உலகமே ஒப்புக்கொண்ட இந்தச் சட்டம் எங்கள் வீட்டு கேஸ் அடுப்புக்கு மட்டும் கிடையாது. இருபது வருஷமாக இடப்பக்கம் திருப்பித் தீ மூட்டிய கை, பெட்டிக்கு முன்னாலும் அதையே செய்தது. புல்லாங்குழலைக் கூர்மையாக்கப் போனால், அது தலையணைக்குள் வாசிப்பதுபோல அமுங்கியது. விடுவேனா, இன்னும் இடப்பக்கமே திருகினேன். பின்னால் நின்ற வீட்டுக்காரர் சொன்னார்: "பிரேமா, கொதிச்சது போதும், இறக்கிடு."

எந்தச் சங்கு?

கரவனெல்லையிலிருந்து நாடகக் குழுத் தலைவர் சிவநாதன் வந்து, முதல் சீனுக்கு ஒரு சங்கு வேண்டும் என்றார். கொஞ்சம் காற்று, கொஞ்சம் அடிக்குரல் என்று நூல் நூலாகக் குமிழைத் திருகி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அருமையான வலம்புரிச் சங்கு செய்தேன். கேட்ட மனுஷனின் முகம் வெளுத்தது. "மிஸ், இது பாடை தூக்குற சங்கு. நான் கேட்டது ஃபெக்டரியில வேலைக்குக் கூப்பிட ஊதுற சங்கு" என்றார்.

சரி, அதையும் செய்தேன். சரியாக வந்ததா என்று ஒரு பிற்பகல் ஜன்னலைத் திறந்துவைத்து ஊதிப் பார்த்தேன். கீழே தொழிலாளர் லயத்திலிருந்து ஒருத்தி றப்பர் பால் வாளியோடு மேலே ஏறி வந்து நின்றாள்: "என்ன மிஸ், இன்னைக்கு ரெண்டு வேலையா?"

எச்சி பத்தலை

பால் வெட்டும் மாரியாயியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு இரத்தினபுரி டவுன், கொஞ்சம் மிதப்பான ஆட்கள். பாதையில் மண் சரிந்து, பேசிவைத்த நாதஸ்வரக் கோஷ்டி வர முடியாதென்று முதல் நாள் போன் பண்ணிவிட்டது. "மேளமில்லாம தாலி ஏறினா, லயத்துப் புள்ளைக்கு இவ்வளவுதான்னு காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க மிஸ்" என்று மாரியாயி கண் கலங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நன்றாக வேலை செய்வேன்.

மூக்கால் பேசும் ஓர் ஒலியை எடுத்து, குமிழால் திறந்து, கொஞ்சம் மூடி, நடுக்கம் சேர்த்து நாயனம் பண்ணினேன். மாரியாயி கண்ணை மூடிக் கேட்டாள். சிஸ்டர்மார்கூட என்னிடம் இப்படியொரு குறை கண்டதில்லை: "எல்லாம் சரிங்க மிஸ், ஊதுறவர் வாயில எச்சி பத்தலை."

கெட்டிமேளம்

எச்சியும் சேர்த்தேன். கல்யாணத்தன்று குமிழில் நடுவே நாயனம். வலப்பக்கம் ஒரு சொடுக்கில் கெட்டிமேளம். இடப்பக்கம், நான் அழிக்க மறந்த ஃபெக்டரி சங்கு. தோட்டத்துக் கோயிலில் டவுன்காரர்கள் சப்பணமிட்டு என் நாயனத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கையை உயர்த்தினார். 'சத்தத்தைக் கூட்டு' என்றது மூளை. எந்தப் பக்கம் என்று கேட்காமலே என் அடுப்புக் கை இடப்பக்கம் திருப்பிவிட்டது.

கோயில் அதிரச் சங்கு ஊதியது. எங்கள் ஆட்கள் ஒருவர் மிச்சமில்லாமல், பழக்கதோஷத்தில், சட்டென்று எழுந்து நின்றார்கள். தாலி ஏறும்போது எழுந்து நிற்பது இந்தத் தோட்டத்து மரியாதை போலும் என்று மாப்பிள்ளை வீட்டாரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். நான் இரண்டு சொடுக்கு வலப்பக்கம் திருப்பி மேளத்தைக் கொட்டினேன். ஊரே நிற்க, தாலி ஏறியது.

பந்தியில் மாரியாயி என்னைத் தேடி வேகமாக வந்தாள். திட்டு வாங்கத் தயாராகி, இலையை மூடினேன். "மிஸ், சம்பந்தி அம்மா கேக்குறாங்க, அவங்க மக கல்யாணத்துக்கும் வந்து, எல்லாரும் எந்திரிக்கிற அந்தச் சங்கையே ஊதுவீங்களான்னு!"

வலப்பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டிருந்தால், எனக்கு அடுத்த வேலை கிடைத்திருக்காது.