மூன்று விரல் உப்பு

“உப்பை எங்கனடி வச்சிருக்கே?”

அய்யாவின் தங்கை, என் அத்தை மொக்கம்மாள் கேட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. நம்பாதவர்கள் அனுமந்தன்பட்டிக்கு வந்து எங்கள் அடுப்படிச் சுவரைப் பார்க்கலாம்.

1938, மாசி மாதம். குளிர்காய்ச்சலில் ஆறு நாள் கிடந்து என்னைப் பெற்ற ஆத்தா போய்விட்டாள். முத்துப்பேச்சி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் குறைவு. நெல் அவிப்பாள், மாட்டுக்குத் தண்ணி காட்டுவாள், என் பாவாடைக் கிழிசலைத் தைப்பாள், எல்லோரும் தின்ற பிறகு சட்டியை வழித்துத் தின்பாள். குழம்புக்கு உப்பு அளக்க மாட்டாள், ருசி பார்க்க மாட்டாள். மூன்று விரலால் எடுத்து மூன்று முறை போடுவாள். விரலில் ஒட்டியதை அடுப்புக்கு மேலே சுவரில் தேய்ப்பாள். அந்த இடம் எப்போதும் வெள்ளை பூத்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தங்கை மாயக்காளுக்கு வயது இரண்டு. அவளை வருசநாட்டுக்குத் தூக்கிப் போவதாக அத்தை சொன்னாள். அங்கே மலைக்காய்ச்சலில் அத்தையின் பிள்ளைகளே இரண்டு செத்திருந்தன.

“பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் பாப்போம். இவ ஒழுங்காச் சோறாக்கிப் போட்டா பிள்ளை இங்கனயே இருக்கட்டும்” என்றார் அய்யா.

“இவளா? போன பொங்கலுக்கு இவ வச்ச குழம்பை நாய் மோந்து பாத்துட்டுப் போயிருச்சே.”

உண்மைதான். எனக்கு உப்புக் கை வராது.

மூன்று நாள் பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. நான்காம் நாள் சாயந்தரம் அடுப்பு மூட்டினேன். கம்பம் போகிற பஸ் சரியாக ஆறரைக்குத் தெருமுனையைத் தாண்டும். அந்தச் சத்தம் அடங்கியது. மொச்சைக் குழம்பு கொதித்தது. உப்புச் சாடியை எடுக்கத் திரும்பினேன்.

புளுக்… புளுக்… புளுக்…

முதுகுக்குப் பின்னால், குழம்புக்குள்.

கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது.

நானே போட்டு மறந்திருப்பேன் என்று நினைத்தேன். மறுநாளும் ஆறரை. மூன்று சத்தம். அதற்கு மறுநாளும். நான் சாடியைத் தொடவே இல்லை. பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பஸ் போகும், உப்பு விழும், சோறு போடுவேன்.

எட்டாம் நாள் சுவரைச் சாணியால் மெழுகினேன். ஒன்பதாம் நாள் பார்த்தால் அதே இடத்தில்… மூன்று விரல் தடம். வெள்ளையாக.

“ஒங்காத்தா கைப்பக்குவம் அப்படியே இருக்குடி” என்றாள் அத்தை. “ஆனா மண்ணு நறநறங்குது. நல்ல உப்பா வாங்கு.”

சட்டியின் அடியில் தினமும் செம்மண் தங்கியது. எங்கள் தெரு மண் கறுப்பு.

பதினாறாம் நாள். படையல் சோற்றில் உப்புப் போடாதே என்றாள் அத்தை.

“உப்பு இருந்தா அவ திங்க மாட்டா. திங்காமப் போகவும் மாட்டா. இங்கனயே சுத்துவா.”

ஆத்தா போய்விட்டால் குழம்புக்கு உப்பு யார் போடுவது? மாயக்காள் வருசநாட்டுக்குப் போய்விடுவாள்.

ஆறு இருபது இருக்கும். படையல் சோற்றில் கலக்க, யாரும் பார்க்காமல் சாடியை எடுத்தேன். இத்தனை நாளில் அன்றுதான் திறந்தேன்.

ஒரு கல் உப்பு இல்லை. உள்ளே சிலந்தி வலை.

அத்தை அடுப்படி வாசலில் நின்றாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அய்யா எட்டிப் பார்த்தார். “வீட்டுல ஏது உப்பு? இருந்ததையெல்லாம் குழிக்குள்ள அவ மேல கொட்டித்தானே மண்ணைத் தள்ளுனோம். நீ பக்கத்து வீட்டுல வாங்கலையாத்தா?” என்றார் என்னிடம்.

“வெளக்கு வச்ச நேரத்துல யாருண்ணே உப்புக் குடுப்பாக?” என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது.

இடுகாட்டில்தான் செம்மண்.

பஸ் போனது.

மூன்று பேரும் குழம்புச் சட்டியைப் பார்த்தோம்.

புளுக்…

புளுக்…

புளுக்…

அத்தை மாயக்காளைத் தூக்கவில்லை. தன் துணி மூட்டையை மட்டும் எடுத்தாள். படி இறங்கினாள். வருசநாட்டுக்கே போய்விட்டாள்.