இரும்புத் தகடு டிசைனில் ஒரு கல்யாண நெட்

மே மாத வெயிலில், ராயபுரத்தில், மடியில் கம்பளி நூலை வைத்துக்கொண்டு பின்னுகிற ஆள் என் அண்ணி ஐரீன் ஒருவராகத்தான் இருக்க முடியும். காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்து இரண்டு ஊசிகளையும் வெளியே எடுத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "யாருக்கு கொயந்த பொறந்துகீது?" என்பதுதான். யாருக்கும் இல்லை என்றால், பின்னே எதற்கு இது என்பார்கள். அந்தக் கேள்விக்கு அண்ணியிடம் இன்றுவரை பதில் இல்லை. எனக்கும் தெரியாது. நான் முப்பது வருஷம் ரயில்வே கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவன். எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் என்னிடம் யாரும் கையை நீட்டுவார்கள். போகிற இடமே தெரியாமல் இத்தனை வருஷம் பின்னிக்கொண்டிருக்கும் மனுஷியை எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

அண்ணிக்குத் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய் லியாகத் அலி பாய் கடையில் நிற்பார். புது நூல் வந்தால் பாய் அதை மற்றவர்கள் கண்ணில் காட்டாமல் எடுத்து வைத்திருப்பார். அண்ணி அதைக் கையில் வாங்கி, முகர்ந்து, கழுத்தில் வைத்துத் தேய்ப்பார். அரித்தால் வேண்டாம். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஒரு நீல நூலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி அவர் நின்ற நிற்பைப் பார்த்து நான்தான் வெட்கப்பட்டுத் தெருவைப் பார்த்தேன். வீட்டில் கட்டிலுக்கு அடியில் நூல், ஃப்ரிட்ஜுக்கு மேலே நூல், அரிசி டிரம்முக்குப் பின்னால் நூல். போதாததற்குப் பழைய ஸ்வெட்டர்களை வாங்கிப் பிரிப்பார். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதைக் கழுவி, கொடியில் போட்டு, அடியில் ஊறுகாய் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்துவார். அந்தப் பாட்டில் என் மண்டையில் இரண்டு முறை இடித்திருக்கிறது.

டிசைனை அவர் எங்கே தேடுவார் என்பது தனிக்கதை. எண்ணூர் புகைபோக்கியில் இருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்து எனக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னினார். சென்னையில் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு நான் எங்கே போவது? துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களைப் பார்த்து ஒரு போர்வை. ஒருநாள் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் பள்ளிக்கூட வேலையாகப் போனவர், ஒரு கடை வாசலில் நின்று தகடுகளை போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாராம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மேடம் என்று நினைத்து அவர்கள் நாற்காலி போட்டு மோரும் கொடுத்திருக்கிறார்கள். அண்ணி குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் படம் எடுத்தது செக்கர் பிளேட். லாரியில் தரைக்குப் போடுவார்களே, வழுக்காமல் இருப்பதற்காகச் சின்னச் சின்ன மேடு வைத்த தகடு, அதுதான். ஒரு மேடு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது அந்தப் பக்கம். அந்த டிசைனில்தான் மகளின் கல்யாணத்துக்குத் தலையில் போடும் நெட்டைப் பின்னப் போவதாக அண்ணி சொன்னார்.

"லாரி தரையவா என் தலைல போடப் போற மம்மி?" என்று மகள் ஃபாத்திமா கேட்டாள். ஃபாத்திமா மாதாவின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள்.

"போட்டுப் பாரு. அப்பால சொல்லு."

தகட்டில் மேடு இருக்கிற இடத்தில் எல்லாம் நெட்டில் ஓட்டை. ஐந்து ஐந்து ஓட்டையாகச் சாய்ந்து போகும், நடுவில் கொஞ்சம் ஓட்டையில்லாத வெறும் பின்னல், பிறகு மறுபக்கம் சாயும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலில், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் தானே வரைந்த டிசைனைப் பார்த்து, ரயிலிலும் வீட்டிலுமாக ஐந்து மாதம் பின்னினார். விரித்துக் காட்டியபோது நானே எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். அதில் லாரியும் இல்லை, இரும்பும் இல்லை. எங்கிருந்து எது வந்தது என்று யோசித்தால் தலைதான் சுற்றும்.

இப்போது என் அண்ணன் ஸ்டானிஸ்லாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். காசிமேட்டில் நாற்பது வருஷம் வலை கட்டியவர். பாறையில் மாட்டிக் கிழிந்து வரும் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண் கடலைப் பார்க்க, விரல் மட்டும் வலையில் ஓடும். கிழிசல் வந்ததும் விரல் நிற்கும். போன வருஷத்திலிருந்து அவருக்கு மறதி. முதலில் சாவி, கண்ணாடி. பிறகு ஒருநாள் செருப்பை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தார். காசிமேட்டுக்கு நடந்து போவார், பாதி வழியில் நிற்பார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் மாதா கோயிலில் பெண்ணை அப்பாதான் கைபிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடத்திக்கொண்டு போகவேண்டும். அண்ணன் நடுவில் நின்றுவிட்டால்? எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அத்தனை பேர் நடுவில் விழித்தால்? ஃபாத்திமா ஒருநாள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள், "சித்தப்பா, எதுக்கும் நீ ரெடியா கீறியா?" சரி என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் கோட் தைக்கவும் கொடுத்துவிட்டேன். அண்ணன் உயிரோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்க, அவர் இடத்துக்கு எனக்குக் கோட் அளவெடுத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது நடந்தது. அண்ணி வேலை முடிந்து வந்து பையை வைத்தார். கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், மடியில் நெட். அண்ணி கத்திய சத்தத்தில் கீழ் போர்ஷனிலிருந்து நான் ஓடினேன்.

ஒரு மூலையில் ஓட்டைகளை அண்ணன் அடைத்திருந்தார். அண்ணியின் நூலையே எடுத்து, வலைக்குப் போடுவது போல முடிச்சுப் போட்டு, சுத்தமாக மூடியிருந்தார். எண்ணினோம், பதினொன்று.

"இன்னாங்க பண்ணி வெச்சிகீறீங்க? அஞ்சு மாசம் பின்னினேன் நான்."

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "கிழிஞ்சி கீது ஐரீன். அதான் கட்டினேன்."

"கிழியல. அது டிசைன்."

"டிசைனா?" என்று கேட்டார் அண்ணன். திட்டு வாங்கிய மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணிக்கும் எனக்கும் ஒரே நினைப்புதான் ஓடியிருக்கும். முடிந்தது, இனி இவரைக் கோயிலில் நடக்க விடமுடியாது. நெட்டுக்கும் வலைக்கும் வித்தியாசம் தெரியாதவர், பெண்ணைப் பீடம் வரைக்கும் எப்படிக் கூட்டிப்போவார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணி நெட்டையும் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அண்ணன் பார்க்கப் பிரிக்க மனசு வரவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு முடிச்சாக வெட்டி எடுத்தார். நான் வெளிச்சத்துக்கு நெட்டைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் அழுதுகொண்டேதான் வெட்டினார். ஏழு முடிச்சு போனது. எட்டாவதில் கத்தரி நின்றது.

"தம்பி, அந்த நோட்டை எடு."

எடுத்துக் கொடுத்தேன். கட்டத்தில் விரலை வைத்து எண்ணினார். நெட்டில் எண்ணினார். திரும்ப நோட்டில் எண்ணினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இங்க ஓட்டையே வரக்கூடாது," என்றார் அண்ணி. "வெறும் பின்னல் வரவேண்டிய இடம். கொருக்குப்பேட்டைல ரயில் சிக்னலுக்கு நின்ன அன்னிக்கு ஒரே வரியை ரெண்டு தடவை பின்னிட்டேன் போல. பதினோரு ஓட்டை அதிகம்."

"மத்ததெல்லாம்?"

"மத்த எதையும் அவர் தொடல."

அந்த நெட்டில் ஆயிரம் ஓட்டையாவது இருக்கும். வேண்டிய ஓட்டை எது, வேண்டாதது எது என்று நோட்டைப் பார்க்காமல் அண்ணன் கண்டுபிடித்திருக்கிறார். முப்பது வருஷமாக அண்ணியின் டிசைனைப் பார்த்து நான் தலையாட்டியிருக்கிறேன், ஃபாத்திமா சிரித்திருக்கிறாள். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அண்ணி நெட்டை வாரிக்கொண்டு மேலே ஓடினார். நான் பின்னால் போனேன்.

"எப்டிங்க தெரிஞ்சுது உங்களுக்கு, இந்த இடம் தப்புன்னு?"

"எந்த இடம்?" என்றார் அண்ணன்.

"நீங்க கட்டினீங்களே. பதினொண்ணு."

"நானா? இல்லியே." நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை நெட்டுக்குள் போய்விட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விரலை ஓட்டினார். ஓட்டைகள் வந்தன, போயின, விரல் நிற்கவில்லை. அண்ணி பிரித்து வைத்த இடம் வந்ததும் நின்றது. "இது இன்னாத்துக்கு தொறந்து கீது? ஊசி குடு."

எனக்குக் குழப்பம் தீரவில்லை, கூடிப்போனது. இந்த மனுஷனுக்கு புத்தி இருக்கிறதா, இல்லையா? மூன்று நாளைக்கு முன்னால் செய்தது தெரியவில்லை. ஐந்து மாதப் பின்னலில் ஒரு வரி பிசகியது தெரிகிறது. எதை நம்பி ஃபாத்திமாவின் கையைக் கொடுப்பது? அவளிடமே சொன்னோம். கேட்டுவிட்டு நெட்டை எடுத்து அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"டாடியே வரட்டும். நடுவுல நின்னார்னா நானும் நிக்கறேன்," என்றாள்.

கல்யாணத்தன்று கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணியே அங்கே உட்காரச் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது. அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தார். பாதி வழி வந்ததும் நின்றார்.

பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, அவர் நிற்கிறார். நான் எழுந்துவிட்டேன். ஃபாத்திமா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், அண்ணனின் இன்னொரு கை அவள் தோளில் விழுந்த நெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது.

"ஐரீன்," என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "இங்க ஒண்ணு வுட்டுட்டோம்."

"அப்பால கட்டிக்கலாம் டாடி. வா," என்றாள் ஃபாத்திமா.

சரி என்று நடந்தார். பீடம் வரைக்கும் போய், மாப்பிள்ளை கையில் அவள் கையை வைத்துவிட்டு, அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நெட்டை விரித்துப் பார்த்தோம். அண்ணி வெட்டி எடுத்த ஏழில் ஆறைத்தான் அண்ணன் ஊசி கேட்ட அன்றைக்குத் திரும்பக் கட்டியிருக்கிறார். ஏழாவது அப்படியே திறந்திருந்தது. அதற்காகத்தான் நின்றாரா, அல்லது வழி மறந்து நின்றவரின் கைக்கு அது தற்செயலாக அகப்பட்டதா? அண்ணியைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நெட் இப்போது அண்ணியிடம்தான் இருக்கிறது. அண்ணி புதிதாக எதையோ பின்ன ஆரம்பித்திருக்கிறார், விம்கோ நகர் ஸ்டேஷன் கம்பி டிசைன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பூசை முடிந்து வந்ததும், அந்த நெட்டை எடுத்து அண்ணன் மடியில் வைக்கிறார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு விரலை ஓட்டுகிறார். அந்த ஒரு ஓட்டையில் நிற்கிறார். "இது இன்னாத்துக்கு தொறந்து கீது?" என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்டுவிட்டு, கட்டி முடித்து, திருப்தியாகச் சாப்பிட வருகிறார். அவர் படுத்ததும் அண்ணி அந்த முடிச்சை வெட்டி எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓட்டையைத் திறந்து வைக்கிறார்.

இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டின மனுஷனை ஏமாற்றுகிறோமோ என்றும் தோன்றுகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நான் வீட்டுக்குப் போவதில்லை, நேராக மாடிக்குப் போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். போன வாரம் அவர் விரல் அந்த ஓட்டையைத் தாண்டிப் போய்விட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன விரல், திரும்பி வந்தது.