பேரிளம்பெண்ணின் ஆசை

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எங்கள் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்த ஓசை இன்றும் என் நெஞ்சை உலுக்குகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. கம்பைநல்லூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் நானும், என்னோடு பள்ளியில் பணிபுரிந்த மூத்த ஆசிரியையும் குடியிருந்தோம். அவரை அக்கா என்றே அழைப்பேன். அக்கா பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தார். பவனி வரும் அரசனைக் கண்டு ஏழு பருவப் பெண்களும் மயங்குவதாகப் பாடும் இடைக்கால உலா நூல்கள்தாம் ஆய்வுப்பொருள். அந்த ஆசை பெண்களுடையதா, புலவர்கள் அவர்கள்மேல் ஏற்றியதா என்பது அவர் கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் தருமபுரியில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அதைப் பேசினார். நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணின் ஆசையைப் புலவன் பாடினால் ரசிக்கிறோம், அவளே சொன்னால் ஏன் பொறுப்பதில்லை என்று கேட்டபோது அரங்கில் நாற்காலிகள் இழுபட்டன. பேருந்து நிலையம் வரை இருவர் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். அக்கா நடையைக் கூட்டவில்லை. ஆனால் பேருந்தில் ஏறும்வரை என் கையை விடவில்லை.

கதவைத் திறந்தால் அதே இருவர், வீட்டு உரிமையாளரோடு.

"கல்யாணம் ஆகாத பொம்பள பேசற பேச்சாங்க அது?" என்றார் ஒருவர். மற்றவர் அறைக்குள் கண்ணை ஓட்டினார். அவரிடம்தான் எனக்கு அதிக பயம். மேசையிலிருந்த ஆய்வுத் தாள்களைக் கிழித்துவிடுவாரோ என்று அவற்றை மறைத்து நின்றேன்.

"எழுதறத நிறுத்திடுங்க டீச்சர். இல்லீனா வூட்டக் காலி பண்ணிடுங்க" என்றார் உரிமையாளர்.

அக்கா மெல்லச் சொன்னார். "காலி பண்ணிடறேங்க. எழுதறத நிறுத்த முடியாதுங்க."

அக்கா பட்டம் பெற்றார். நான் இன்று கல்லூரியில் உலா நடத்துகிறேன். பேரிளம்பெண் வரும் இடத்தில் என்னையறியாமல் வாசலைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அச்சத்தோடு, நாங்கள் வீட்டைக் காலி செய்த காலையும் நினைவுக்கு வரும்.

மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். அதுவரை எங்களிடம் அதிகம் பேசியிராத உரிமையாளரின் மனைவி, கணவர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"அந்த நாப்பது வயசுப் பொம்பள கடைசீல என்னங்க ஆனா?"

"அதப் பாட்டுல சொல்லலீங்க. ராசா போயிடறான்" என்றார் அக்கா.

"அவனுக்கென்ன, போவான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.